பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு: காலையில் பிடித்ததும் வெள்ளைப் புகை, எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

சின்னப்பாலம்

அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார், 15 எச்பி டூ ஸ்ட்ரோக். இரண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற மாடல். கம்பெனிப் பேரைச் சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், அதை விட்டுவிடுகிறேன். மூக்கையூர்ப் பக்கம் ஒருவரிடம் பழசாக வாங்கியது. அவர் கையில் எத்தனை வருஷம் இருந்ததோ தெரியாது, என் கைக்கு வந்தே நாலைந்து சீசன் ஆகிறது.

விடியக்காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடுகிறது. பிடித்ததும் வெள்ளையாகப் புகை. பக்கத்தில் கட்டியிருக்கிற வல்லம் மறையும் அளவுக்கு. கண் எரிகிறது. சில நிமிஷம் அப்படியே நின்று, அப்புறம் குறைந்து, தென்கடலில் கொஞ்ச தூரம் போனதும் சுத்தமாக நின்றுவிடுகிறது. இழுவையில் குறை இல்லை. மோட்டாரை ஆற்றுகிற தண்ணீர் பீச்சுவதும் சரியாக இருக்கிறது. கடலில் நிறுத்திவிட்டு, சூடு ஆறுவதற்குள் மறுபடி இழுத்தால் ஒரே இழுப்பில் பிடிக்கும், புகையும் அவ்வளவாக இல்லை.

ஊரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, போர் (பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துவிட்டது, பிஸ்டன் ரிங் செட் மாற்ற வேண்டும் என்கிறார். அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய மோட்டாரே பார்க்கலாம். பிளக் இரண்டும் புதுசு போட்டுப் பார்த்தாயிற்று, மாற்றம் இல்லை. இறக்கிப் பிரிப்பதற்கு முன்னால் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

பரமக்குடி ஆர்எக்ஸ்

நான் கடல்காரன் இல்லை, பைக் பட்டறை. ஆனால் டூ ஸ்ட்ரோக் என்றால் டூ ஸ்ட்ரோக்தானே. ஆர்எக்ஸ்100 வண்டியில் இதே மாதிரி வெள்ளைப் புகை வந்தால் முதலில் கிராங்க் ஆயில் சீலைப் பார்ப்போம். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயிலை உள்ளே உறிஞ்சிக்கொண்டு தெருவையே மூடிவிடும். கியர் ஆயில் அளவு குறைகிறதா என்று பாருங்கள்.

மண்டபம் மோட்டார்

ஆர்எக்ஸ் தம்பி சொல்வது பைக்குக்குச் சரி. அங்கே கிராங்கும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கும். அவுட்போர்டில் கியர் எல்லாம் கீழே, புரப்பலர் பக்கத்தில் தண்ணீருக்குள் இருக்கிறது. நடுவில் நீளமான ஷாஃப்ட் மட்டும். கியர் ஆயில் கிராங்க் வரைக்கும் ஏறி வர வழியே இல்லை. கீழ் சீல் போனால் காற்றையோ தண்ணீரையோ இழுக்கும். காற்று இழுத்தால் கலவை வறண்டு, அதாவது எரிபொருள் குறைந்து காற்று கூடி, மோட்டார் சூடேறும், ஐட்லிங் நிற்காது. இவர் சொல்கிற புகை அதில்லை.

போர் தேய்மானம் பற்றி ஒரு வார்த்தை. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ரிங் தேய்ந்தால் கீழே தேங்கியிருக்கிற ஆயில் மேலே ஏறி எரியும், நீலப் புகை வரும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படித் தனியாக ஆயில் தேக்கமே கிடையாது, ஆயில் எரிபொருளோடு கலந்துதான் உள்ளே வருகிறது. ரிங் போனால் கம்ப்ரஷன் குறையும், ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், இழுவை போகும். இழுவை நன்றாக இருக்கிறது என்று தம்பியே சொல்கிறாரே. கேஜ் வைத்துப் பார்க்காமல் போர் போய்விட்டது என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சின்னப்பாலம் தம்பி, இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். முந்தின நாள் கரைக்கு வரும்போது எந்த எண்ணெயில் நிறுத்துகிறீர்கள்? மோட்டார் படகிலேயே கிடக்கிறதா, வீட்டுக்குத் தூக்கிப் போகிறீர்களா? தூக்கிப் போனால் எப்படிப் படுக்க வைக்கிறீர்கள்? ஆயில் எது, எவ்வளவு? புகை மூக்கில் எப்படி இருக்கிறது: மண்ணெண்ணெய் வாடையா, ஆயில் கருகிய வாடையா, இல்லை வாடையே இல்லாத ஆவியா? நிறத்தைப் பார்ப்பதைவிட இது முக்கியம். விடியற்காலை இருட்டில் வெள்ளையும் நீலமும் ஒன்றாகத்தான் தெரியும்.

தொண்டி வடக்கு

வீட்டுக்குத் தூக்கிப் போவது பற்றி அண்ணன் கேட்டது நல்ல கேள்வி. எங்கள் பக்கம் கடல் ஆழமில்லை, வற்றின நேரத்தில் முழங்கால் தண்ணீரில் அரை மைல் நடக்க வேண்டும். மோட்டாரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வருவோம். முன்னால் போகிறவன் தோளில் புரப்பலர், பின்னால் வருகிறவன் தோளில் தலைப்பக்கம். கரை மேட்டில் ஏறும்போதோ திண்ணையில் சாத்தும்போதோ புரப்பலர் மேலேயும் தலை கீழேயும் ஆகிவிட்டால், மோட்டாரின் காலுக்குள் தேங்கின உப்புத் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக நேரே சிலிண்டருக்குள் இறங்கிவிடும். மோட்டாரோடு வரும் புத்தகத்திலேயே, தலை எப்போதும் புரப்பலரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்?

அப்படித் தண்ணீர் இறங்கினால் காலையில் வருவது புகை இல்லை, ஆவி. வந்த வேகத்தில் காற்றில் கரைந்துவிடும். ஆயில் புகை அப்படியில்லை, தண்ணீர் மட்டத்தில் தவழ்ந்துகொண்டே கிடக்கும், பின்னால் எண்ணெய்ப் படலமும் மினுக்கும். இரண்டையும் பிரிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருக்கும், இல்லை துருவோ உப்புப் பொரியோ ஏறியிருக்கும்.

கீழக்கரைக்காரன்

ஆயிலைப் பற்றி நான் கேட்கலாம் என்று இருந்தேன், மண்டபம் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) முந்திக்கொண்டார். பைக் கடையில் கிடைக்கிற டூ டி ஆயிலை ஊற்றுகிறீர்களா? அங்கே விலை குறைவு என்று நிறையப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள். பைக் இன்ஜின் காற்றில் ஆறுவது, அதிக சூட்டில் ஓடும். அந்தச் சூட்டைத் தாங்க அந்த ஆயிலில் உலோகம் கலந்த சேர்மானம் இருக்கும், எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அவுட்போர்டு கடல்தண்ணீரில் ஆறுவது, அவ்வளவு சூடு ஏறாது. அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்துகொண்டே போகும். டப்பாவில் டிசி‑டபிள்யூ3 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது அமெரிக்கப் படகுத் தொழில் சங்கமான என்எம்எம்ஏ வைத்த தரக்குறி, சாம்பல் தராத ஆயில்.

அளவும் முக்கியம். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி. எங்கள் தெருவில் ஒருவர் தம்ளரால் ஊற்றுவார். கேட்டால், கூட ஊற்றினால் மோட்டாருக்கு நல்லதுதானே என்பார். கூட ஊற்றினால் புகையும் கரியும் கூடும். அது மட்டுமா, கார்புரேட்டரின் ஜெட் துளை வழியாகப் போகிற அதே அளவு திரவத்தில் ஆயில் பங்கு ஏறினால் எரிபொருள் பங்கு குறைகிறது, கலவை வறண்டுவிடும். நல்லது செய்வதாக நினைத்துச் சூடேற்றுகிற வேலை.

சின்னப்பாலம்

எல்லாருக்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

மோட்டார் படகிலேயே இருக்கிறது, தூக்கி மடக்கி வைப்போம். வீட்டுக்குக் கொண்டுவருவது புயல் கூண்டு ஏற்றி, கடலுக்குப் போகிற டோக்கனை நிறுத்தின நாட்களில் மட்டும், அப்போதும் ஸ்டாண்டில் நிற்க வைப்போம். ஆயில் டிசி‑டபிள்யூ3தான், 50க்கு 1, அளவுக் குப்பியில் ஊற்றுகிறோம். வாடை மண்ணெண்ணெய் வாடைதான், அதில் சந்தேகமே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைத்த மாதிரி.

நிறுத்துவது பெரும்பாலும் தம்பிதான். மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டு வந்து, பக்கத்து ஊர் குந்துகால் தாண்டினதும் காக்கை (எண்ணெயை மாற்றிவிடும் திருகு வால்வு) பெட்ரோலுக்குத் திருப்பி, கரையில் நிறுத்துவான். காக் மோட்டாரில் இல்லை. பழைய ஓனர் வெளியே ஒரு மூன்றுவழிக் காக் வைத்து, பெட்ரோல் கேனும் மண்ணெண்ணெய் கேனும் அதில் சேர்கிற மாதிரி செய்திருக்கிறார். காக்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் குழாயும், எண்ணெயை அமுக்கி ஏற்றுகிற ரப்பர் பல்பும்.

மண்டபம் மோட்டார்

இதைத்தான் கேட்க நினைத்தேன். பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்ரோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேலே போனால்தான் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். சூடான மோட்டாருக்குள் போனால் அது நல்ல எரிபொருள். ஆறிப்போன மோட்டாருக்குள் போனால் பொடிப்பொடித் துளியாகவே சுற்றும், பிளக்கை நனைக்கும், பாதி எரியாமல் எக்ஸாஸ்ட் வழியாக மூடுபனி மாதிரி வெளியே வரும். நீங்கள் பார்க்கிற வெள்ளை அதுதான். கண் எரிவதும் அதனால்தான். பெட்ரோலும் ஆயிலும் கலந்த புகை இவ்வளவு கண்ணைக் கரிக்காது.

தம்பி காக்கைத் திருப்புகிறார், சரி. ஆனால் திருப்பின நிமிஷத்தில் மோட்டாருக்குள் பெட்ரோல் வந்துவிடுவதில்லை. காக்கிலிருந்து மோட்டார் வரைக்கும் உள்ள குழாய் முழுக்க மண்ணெண்ணெய். பல்பு நிறைய மண்ணெண்ணெய். கார்புரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய். இதெல்லாம் தீர்ந்த பிறகுதான் பெட்ரோல். குந்துகாலில் இருந்து சின்னப்பாலம் கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்கு, அதுவும் கரையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து வந்தால், கிண்ணத்தில் பாதிக்கு மேல் மண்ணெண்ணெயோடுதான் மோட்டார் நிற்கும். மோட்டாரிலேயே காக் இருக்கிற கம்பெனி அமைப்பில் குழாய் ரொம்பக் குட்டை, அங்கே இந்தத் தொல்லை குறைவு. உங்கள் மோட்டாரில் பழைய ஓனர் செய்த ஏற்பாடு குழாயை நீட்டிவிட்டது.

செய்ய வேண்டியது இரண்டு. காக்கை மோட்டாருக்குப் பக்கத்தில், பல்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். பெட்ரோலுக்குத் தனிப் பல்பு, மண்ணெண்ணெய்க்குத் தனிப் பல்பு. அது நடக்கிற வரைக்கும் நல்ல வேகத்தில் வரும்போதே, இன்னும் வெகு தூரம் இருக்கையிலேயே திருப்பச் சொல்லுங்கள். பெட்ரோல் வந்துசேர்ந்ததும் சத்தம் கொஞ்சம் கூர்மையாகும், சுற்று லேசாக ஏறும். காதில் அது விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. மண்ணெண்ணெய் மோட்டார்க்காரர்களுக்கு பெட்ரோல் செலவு கம்மி, அதனால் அந்தச் சின்னக் கேன் வாரக்கணக்கில் வெயிலில் கிடக்கும். லேசான பங்கு ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுவது மந்தமான பெட்ரோல். இப்போது பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கடல்காற்று ஈரமும் அலைத்தெறிப்பும் சேர்ந்தால், ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். கேனில் குழாய் உறிஞ்சுவதோ அடியில்தான். ஆயில் மேலே பெட்ரோலோடு இருக்கும், மோட்டாருக்குள் போவது ஆயில் இல்லாத எத்தனால் தண்ணீர். ஸ்டார்ட் ஆகாததோடு நிற்காது, பிஸ்டனையும் உரசிவிடும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கேனின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, அசையாமல் வைத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் கொட்டிவிட்டுப் புதுசு போடுங்கள்.

ஏர்வாடி நண்டுவலை

நான் பெட்ரோல் மோட்டார்தான், 9.9 எச்பி. எனக்கும் புகை உண்டு, ஆனால் காலையில் இல்லை. நண்டு வலை இழுக்கும்போது மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டிவிட்டு, திடீரென்று ஆக்சிலேட்டர் கொடுத்தால் பின்னால் நீலமாக ஒரு மேகம் கிளம்பும். இதுவும் கோளாறா?

அப்படியே இன்னொன்று: பெட்ரோல் விலைக்கு, என் மோட்டாரிலும் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டலாம் என்று ஒருத்தர் சொல்கிறார். செய்யலாமா?

தொண்டி வடக்கு

இரண்டாவதற்கு முதலில் பதில்: வேண்டாம். மண்ணெண்ணெய் மோட்டாரின் ஹெட்டே வேறு, கம்ப்ரஷன் குறைத்துச் செய்தது. பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெய் போனால் உள்ளே டொக்டொக் என்று வெடிக்கும். முழு வேகத்தில் அந்தச் சத்தம் வெளியே கேட்கவே கேட்காது, பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும். மண்ணெண்ணெய் மோட்டாரில் முழுக்கப் பெட்ரோல் ஓட்டலாம், அதில் கேடு இல்லை. தலைகீழாகச் செய்யக்கூடாது.

முதலாவது பெரிய கோளாறு இல்லை. மெதுவாக ஓடும்போது கலவை கிராங்க் கூட்டுக்குள் தங்கி, ஆயில் கீழே தேங்கும். வேகம் கொடுத்ததும் அது மொத்தமாக எரிந்து வெளியே வரும். பல மோட்டார்களில் அப்படித் தேங்குவதை உறிஞ்சி மறுபடி மேலே அனுப்ப மெல்லிசான ரப்பர் குழாய்கள் இருக்கும், அதில் ஒருவழி வால்வும் உண்டு. வால்வு அடைத்துக்கொண்டால் மேகம் பெரிதாகும். வலை இழுத்து முடித்துக் கிளம்பும்போது முக்கால் வேகத்தில் கொஞ்ச நேரம் விடுங்கள், தானாகச் சுத்தமாகிவிடும். விட்ட பிறகும் நிற்கவில்லை என்றால் தெர்மோஸ்டாட், அதாவது மோட்டார் சூடேறும் வரை தண்ணீரைத் தடுக்கிற வால்வு. திறந்தபடியே மாட்டிக்கொண்டால் மோட்டார் எப்போதும் குளிராகவே ஓடும், பிளக் எந்நேரமும் ஈரமாக இருக்கும். இங்கே சில பேர், பாசி அடைத்து மோட்டார் சூடேறிவிடும் என்று பயந்து அதைக் கழற்றியே போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில் தண்ணீர் இழுக்கும் வாயில் பாசி சேராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

பரமக்குடி ஆர்எக்ஸ்

இதையெல்லாம் படித்தால் கடல் மோட்டார் பட்டறை வைக்க ஆசை வருகிறது. இருந்தாலும் ஒரு கேள்வி. கூண்டு ஏற்றி நாட்கணக்கில் ஓடாமல் கிடந்து, பிறகு ஸ்டார்ட் செய்யும்போது புகை இன்னும் அதிகமா? பைக்கில் அப்படி வரும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆயில் ஆவியாகாது. அடுத்த ஸ்டார்ட்டில் ஆயில் மட்டும் உள்ளே போகும்.

மண்டபம் மோட்டார்

சரியாகச் சொன்னீர்கள். இங்கேயும் அதே கதை. ஐப்பசி கார்த்திகையில் நாட்கணக்கில் கிடக்கப் போகிறது என்று தெரிந்தால், குழாயைக் கழற்றிவிட்டு மோட்டார் தானாக நிற்கும் வரை ஓட்ட வேண்டும். தண்ணீரில் வைத்துத்தான், இல்லை டிரம்மில். வெறுமனே ஓட்டினால் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். குழாயைக் கழற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. கேனின் காற்று மூடியை இறுக்கிவிட்டு வெயிலில் வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். குழாய் மாட்டியே இருந்தால், அந்த அழுத்தம் எரிபொருளைக் கார்புரேட்டருக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். கார்புரேட்டரில் எரிபொருள் வரத்தை அடைக்கிற மிதவை ஊசி கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், நீங்கள் தூங்கும் நேரத்தில் மோட்டார் குடித்து முடித்துவிடும்.

சின்னப்பாலம்

திரும்ப வந்துவிட்டேன். காக்கை மோட்டார் பக்கத்துக்கு மாற்றி, பல்பு இரண்டாக்கியாயிற்று. பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டேன், பாட்டிலில் கோடு விழத்தான் செய்தது. தம்பி இப்போது வெகு தூரத்திலேயே திருப்பிவிடுகிறான்.

கண் எரிகிற அந்த வெள்ளை போய்விட்டது. மண்ணெண்ணெய் வாடையும் இல்லை. ஆனால் புகை முழுசாக நிற்கவில்லை. ஸ்டார்ட் ஆனதும் ஒரு சிலிண்டர் மட்டும் தட்டித் தடவி ஓடுகிறது, கொஞ்ச நேரம் சாம்பல் நிறத்தில் தள்ளிவிட்டு அப்புறம் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. கழற்றிப் பார்த்தால் கீழ் பிளக் சொட்டச் சொட்ட ஈரம், மேல் பிளக் காய்ந்திருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டும் கீழேதான் ஈரம்.

மண்டபத்தில் தெரிந்தவரிடம் கேஜ் வாங்கி கம்ப்ரஷன் பார்த்தேன். இரண்டுக்கும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் இணையத்தில் சொல்கிற அளவைவிட இரண்டுமே குறைவு. பயப்பட வேண்டுமா?

மண்டபம் மோட்டார்

பயம் வேண்டாம். இணையத்தில் இருப்பது பெட்ரோல் மோட்டாருக்கான அளவு. உங்களுடையது கம்ப்ரஷன் குறைத்துச் செய்த மாடல். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் போரும் ரிங்கும் ஹெட் பேக்கிங்கும் சரி என்று எடுத்துக்கொள்ளலாம். பிஸ்டன் செட் செலவு மிச்சம்.

கீழ் பிளக் ஈரம் என்பது மட்டும் பெரிய தடயம் இல்லை. ஒரே கார்புரேட்டர் இரண்டு சிலிண்டருக்கும் ஊட்டும்போது, ஆவியாகாத துளிகள் கீழே இறங்குவது இயல்பு. ஆனால் சொட்டச் சொட்ட என்றால் வேறு. பிளக் மாற்றியும் இடம் மாறவில்லை என்பதால் பிளக் இல்லை. கீழ் காயிலின் தீப்பொறியைப் பாருங்கள், பிளக்கை பிளாக்கில் நன்றாகத் தொடவைத்து இழுங்கள். தொடவைக்காமல் இழுத்தால் தீப்பொறி தருகிற சிடிஐ யூனிட்டுக்குக் கேடு, பெட்ரோல் ஆவி பக்கத்தில் இருந்தால் உங்களுக்கும் கேடு.

சின்னப்பாலம்

தீப்பொறி இரண்டிலும் ஒரே மாதிரி, நீலமாக நன்றாக இருக்கிறது. கார்புரேட்டர் வாயில் கை வைத்துப் பார்த்தேன், பல்பை அமுக்கினபோது எதுவும் வழியவில்லை. அப்படியானால் மிதவை ஊசி சரிதானே? ஒரு சந்தேகம் மட்டும்: பல்பு எத்தனை தடவை அமுக்கினாலும் கல்லு மாதிரி இறுகுவதில்லை. அமுக்க அமுக்கக் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கிறது. பல்பு புதுசுதான்.

பரமக்குடி ஆர்எக்ஸ்

அண்ணே, பைக் பட்டறைக்காரன் மறுபடி வாய் வைக்கிறேன், தப்பாக இருந்தால் அடிக்காதீர்கள். வாக்யூம் பெட்ரோல் டேப் இருக்கிற வண்டிகளில் டயாப்ரம் என்று மெல்லிசான ஒரு சவ்வு இருக்கும். அது கிழிந்தால் கார்புரேட்டரைத் தொடாமலே, வாக்யூம் குழாய் வழியாகப் பெட்ரோல் நேரே இன்ஜினுக்குள் போய்விடும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினாலும் கிடைக்காது. உங்கள் மோட்டாரில் எரிபொருள் பம்ப் எதில் ஓடுகிறது?

மண்டபம் மோட்டார்

தம்பி, இந்த முறை அடிக்க மாட்டேன், டீ வாங்கித் தருகிறேன்.

பம்ப் ஓடுவது கிராங்க் கூட்டின் துடிப்பில்தான். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கூட்டுக்குள் அழுத்தம் மாறி மாறி வரும், அந்தத் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாகப் பம்ப்பின் டயாப்ரத்தை ஆட்டும், டயாப்ரம் எரிபொருளை இழுத்துத் தள்ளும். ஒரு பக்கம் எரிபொருள், மறுபக்கம் கிராங்க் கூடு, நடுவில் அந்த மெல்லிசான தகடு ஒன்றுதான் தடுப்பு. அது கிழிந்தால் பல்பை அமுக்கும்போதெல்லாம் எரிபொருள் கார்புரேட்டருக்குப் போவதோடு, துளை வழியாகக் கூட்டுக்குள்ளும் போகும். எந்தச் சிலிண்டரின் கூட்டிலிருந்து துடிப்பு எடுத்திருக்கிறதோ அந்தச் சிலிண்டர் மட்டும் மூழ்கும். மற்றதுக்கு ஒன்றும் ஆகாது. கார்புரேட்டர் வாய் காய்ந்தே இருக்கும். நீங்கள் சொல்வதெல்லாம் இதற்குப் பொருந்துகிறது, பல்பு இறுகாததும் சேர்த்து.

சோதனை சுலபம். காலையில் எதையும் தொடுவதற்கு முன், இரண்டு பிளக்கையும் கழற்றி, தொப்பிகளை பிளாக்கில் எர்த் கொடுத்துவிட்டு, சோக் போடாமல் கயிற்றை இழுங்கள். இரண்டு துளையிலிருந்தும் வெறும் காற்றுதான் வர வேண்டும். பிறகு பல்பை வழக்கம்போல அமுக்கிவிட்டு மறுபடி இழுங்கள். கீழ்த் துளையிலிருந்து மட்டும் சாரல் அடித்தால், பம்ப்பின் போல்ட்டைக் கழற்றி, குழாய் மாட்டியபடியே கையில் பிடித்துக்கொண்டு பல்பை அமுக்குங்கள். பிளாக்கோடு ஒட்டுகிற பக்கத்துத் துளையில் எரிபொருள் எட்டிப் பார்த்தால் வேறு எதையும் தேட வேண்டாம். பீடி, சிகரெட் எல்லாம் தூரத்தில் இருக்கட்டும்.

கீழக்கரைக்காரன்

இதற்குப் பிறகு புது நாலு ஸ்ட்ரோக் வாங்கு என்று யாராவது வந்து சொல்வார்கள், அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: எடை கூட, விலை கூட, மண்ணெண்ணெயும் ஓடாது. பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றுவதில் 20, 30 சதவீதம் எரியாமலே வெளியே போகிறது என்பது உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு டயாப்ரம் கிழிந்ததற்காக மோட்டாரை விற்க வேண்டியதில்லை.

சின்னப்பாலம்

பிடித்துவிட்டோம். அண்ணன் சொன்ன மாதிரியே செய்தேன். பல்பை அமுக்குவதற்கு முன் இரண்டும் காற்று, அமுக்கின பிறகு கீழே சாரல், மேலே ஒன்றும் இல்லை. பம்ப்பைக் கழற்றி அமுக்கினால் பின்பக்கத் துளையிலிருந்து சொட்டுகிறது. பிரித்துப் பார்த்தால் டயாப்ரம் உப்பி, சுருங்கி, ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கிழிசல். வெளிச்சத்தில் பிடித்து இழுத்தால்தான் தெரிகிறது, சும்மா பார்த்தால் நல்லா இருப்பது போலவே இருக்கிறது.

கடையில் டயாப்ரமும் பேக்கிங்கும் சேர்ந்த செட்டாகக் கிடைத்தது. போர் செலவு என்று கேட்ட தொகைக்குப் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வருகிறது. மாட்டியதும் பல்பு கல்லாக நிற்கிறது, மோட்டார் இரண்டாவது மூன்றாவது இழுப்பில் பிடிக்கிறது. மெல்லிசாக நீலம் கலந்து கொஞ்சம் வருகிறது, துறையிலிருந்து வெளியேறுவதற்குள் அதுவும் இல்லை. அது இருக்கலாமா, அதையும் விரட்ட வேண்டுமா?

மண்டபம் மோட்டார்

அது ராத்திரி தங்கின ஆயில். இருக்கட்டும். ஆயில் கலந்து ஓடுகிற மோட்டாரில் அதுகூட வரவில்லை என்றால்தான் ஆயில் ஊற்றினார்களா என்று கேனைப் பார்ப்பேன்.

டயாப்ரம் உப்பியிருந்தது என்கிறீர்களே, மற்ற ரப்பரையும் பாருங்கள். பழைய மோட்டார்களின் ரப்பர் எத்தனால் பெட்ரோலுக்காகச் செய்ததில்லை. கார்புரேட்டர் மிதவை ஊசியின் நுனி, குழாய்களின் உட்பக்கம், கனெக்டர் ஓ‑ரிங் எல்லாம் ஒரே வயசு. குழாயை மடக்கிப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். கீழ் சிலிண்டர் இத்தனை நாள் நனைந்து ஓடியிருக்கிறது, எக்ஸாஸ்ட் பக்கம் கரி படிந்திருக்கும். ஹெட்டை எப்போதாவது திறக்கும்போது சுரண்டினால் போதும், அதற்காகத் திறக்க வேண்டாம்.

ஏர்வாடி நண்டுவலை

முக்கால் வேகத்தில் விட்டுப் பார்த்தேன், நீல மேகம் பாதியாகிவிட்டது. அந்த மெல்லிசுக் குழாய் வால்வையும் ஊதிப் பார்த்தேன். ஒன்று இரண்டு பக்கமும் காற்று போகிறது. அது ஒரு பக்கம்தான் போக வேண்டும், இல்லையா?

தொண்டி வடக்கு

ஆமாம், ஒரு பக்கம்தான். அதை மாற்றிவிடுங்கள், சின்னச் சாமான். மாட்டும்போது அம்புக்குறியோ நிறமோ எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப்பாலம் தம்பி, டயாப்ரம் செட் வாங்கின கடையில் 9.9க்கும் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். என் மோட்டாரிலும் பல்பு இறுகாமல்தான் இருக்கிறது, பல்பைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தேன்.